ஏலச் சிட்டை யார் கையில்?

கேள்வி: மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். மீன் ஏலக் கணக்குக்காக ஒரு ஆண்ட்ராய்டு செயலி எழுதியிருக்கிறேன். படகு அணைந்ததும் லாட் (ஏலக் குவியல்) வாரியாக எடை, விலை, வாங்கியவர் பெயர் போடுவோம். படகு உரிமையாளரான சம்மாட்டிக்கும் வியாபாரிக்கும் அவரவர் போனில் சிட்டை வந்துவிடும். முன்பணப் பற்று வரவும் அதிலேயே. பின்தளம், அதாவது பின்னால் தரவையும் லாகினையும் பார்த்துக்கொள்வது, முழுக்கக் கூகுளின் ஃபயர்பேஸ் சேவை, இலவசத் திட்டம். போன் எண்ணும் கடவுச்சொல்லும் வைத்து லாகின், ஓடிபி இனிமேல்தான். இப்போது 180 போன்களில் ஓடுகிறது. நல்ல மீன்பாடு உள்ள நாளில் 300 லாட் வரை வரும். வியாபாரிகள் சங்கம் பாம்பன், கீழக்கரை, தொண்டிக்கும் சேர்த்து 3 வருட ஒப்பந்தம் கேட்கிறது. அடுத்தவர் சர்வரை நம்பிக் கையெழுத்துப் போடாதே, சொந்த சர்வர் வை என்கிறார் நண்பர். இதற்கிடையில் இரண்டு நாள் விடிகாலையில் செயலி நின்றுபோய், மதியம் தானாகச் சரியானது. காரணம் பிடிபடவில்லை. மாறுவதா, இருப்பதா?

பதில்: அந்த இரண்டு விடிகாலையை முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் பெரிய கேள்விக்குப் பாதி விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

ஃபயர்பேஸின் தரவுத்தளமான ஃபயர்ஸ்டோரின் இலவசத் திட்டத்தில் ஒரு நாளைக்கு 50,000 ஆவணம் (லாட்டின் பதிவு போன்றது) வாசிக்கலாம், 20,000 எழுதலாம். அந்த ‘நாள்’ நம்முடைய நாள் இல்லை. அமெரிக்க மேற்குக் கரையின் நள்ளிரவை ஒட்டித்தான் கணக்கு புதிதாகத் தொடங்கும். நமக்கு அது மதியம் 12:30. அவர்களுடைய குளிர்கால நேரத்தில் 1:30. ஆக, உங்கள் விடிகாலை ஏலம் அவர்கள் நாளின் வாலில் நடக்கிறது. முந்தைய நாள் பிற்பகலில் வியாபாரிகள் பாக்கி பார்த்தது, சாயங்காலம் சம்மாட்டி வீட்டில் உட்கார்ந்து பழைய சிட்டைகளைப் புரட்டியது எல்லாம் முதலில் கழிந்துவிடும். மிச்சத்தில்தான் ஏலம் ஓடியாக வேண்டும்.

மிச்சம் போதுமா என்று பாருங்கள். ‘இன்றைய ஏலம்’ திரையை 180 பேரும் திறந்து வைத்திருந்தால், 300 லாட்டுக்கும் போனுக்கு ஒரு வாசிப்பு வீதம் 54,000. இது லாட்டை ஒரே ஒரு தடவை எழுதினால். எடை போட்டதும் ஒரு பதிவு, விலை விழுந்ததும் ஒரு திருத்தம், பணம் வந்ததும் இன்னொரு திருத்தம் என்று போனால், ஒவ்வொரு திருத்தமும் திறந்திருக்கும் போன் அத்தனைக்கும் ஒவ்வொரு வாசிப்பு: 1,62,000. கடலுக்குப் போன போன்கள் தனிக்கணக்கு. இணைப்பு அறுந்து 30 நிமிடம் தாண்டிவிட்டால், திரும்பச் சிக்னல் கிடைத்ததும் பட்டியல் முழுவதையும் புதிதாகக் கேட்டது போலவே ஃபயர்ஸ்டோர் கணக்கு வைக்கும். இரவெல்லாம் கடலில் கிடந்துவிட்டு வரும் படகில் இது தினமும் நடக்கும். பாடு குறைந்த நாளில் ஒன்றும் தெரியாது; நாலு பேருக்கு நாலு காசு வரும் நாளில்தான் நிற்கும். ஃபயர்பேஸின் நிர்வாகத் தளமான கன்சோலில் ஃபயர்ஸ்டோரின் ‘யூசேஜ்’ பக்கத்தைத் திறந்து அந்த இரண்டு தேதியைப் பாருங்கள், வாசிப்பு 50,000-ஐத் தொட்டிருக்கும்.

இதற்கு மருந்து உங்கள் கையில் இருக்கிறது. வியாபாரிக்கு அவர் எடுத்த லாட்டை மட்டும், சம்மாட்டிக்கு அவர் படகை மட்டும் கேட்கும்படி, செயலி தரவுத்தளத்திடம் கேட்பதைச் சுருக்குங்கள். ஆளுக்குச் சராசரி 8 லாட் என்றால் 1,440 வாசிப்பு. திருத்தங்களோடு சேர்த்து 5,000-க்குள் அடங்கும். மொத்த ஏலத்தைப் பார்க்க நினைப்பவருக்கு அன்றைய சுருக்கத்தை ஒரே ஆவணமாக வையுங்கள். லாட்டுக்கு 150 பைட் என்றால் 300 லாட்டுக்கு 45 கேபி. ஓர் ஆவணத்துக்கு 1 எம்பி வரை இடம் உண்டு. அதை எடைக்காரர் போன் நிமிடத்துக்கு ஒரு தடவை மட்டும் எழுதட்டும். லாட்டுக்கு ஒரு தடவை எழுதினால் பழைய கதைதான்.

இப்போது பெரிய கேள்வி. நண்பர் சொல்வதில் பாதி சரி. சேவைகள் மூடப்படுவது கற்பனைப் பயமில்லை. செயலிகளுக்குப் பின்தளம் தந்த பார்ஸ் என்ற சேவையை ஃபேஸ்புக் 2013-இல் வாங்கியது. 2016 ஜனவரி 28 அன்று மூடுவதாக அறிவித்து, ஓராண்டு அவகாசம் தந்து, 2017 ஜனவரி கடைசியில் அணைத்தது. அதன் மூலநிரலைத் திறந்து விட்டதால் பலர் பிழைத்தார்கள். ஃபானா என்ற தரவுத்தளச் சேவை 2025 மார்ச்சில் அறிவித்து மே 30-உடன் மூடிக்கொண்டது. இரண்டரை மாதம்கூட இல்லை. சிக்னல் இல்லாத இடத்தில் எழுதிவிட்டுப் பிறகு ஒத்திசைப்பதற்காகவே இருந்த மாங்கோடிபி என்ற தரவுத்தள நிறுவனத்தின் டிவைஸ் சிங்க், 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டு 2025 செப்டம்பர் 30-இல் முடிந்தது. கடலோரச் செயலிக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற சேவை அது. ஃபயர்பேஸுக்குள்ளேயே, செயலியின் சரியான பக்கத்துக்குக் கொண்டுபோகும் லிங்க் தந்த டைனமிக் லிங்க்ஸ் 2025 ஆகஸ்ட் 25-இல் நிறுத்தப்பட்டது. அந்த லிங்கை க்யூஆராக அச்சடித்து ஐஸ் கம்பெனிச் சுவரில் ஒட்டியிருந்தால், அன்றோடு அது வெறும் தாள்.

ஃபயர்பேஸ் முழுவதும் நாளைக்கே மூடும் என்று நான் சொல்லவில்லை. 3 வருடத்தில் ஏதோ ஒரு துண்டு நிற்கும், ஒரு விலை மாறும், இலவசமாக இருந்த ஒன்றுக்குக் காசு கேட்பார்கள். அந்த அளவுக்கு எதிர்பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

சொந்த சர்வர் என்ற மற்ற பாதியில் எனக்கு உடன்பாடில்லை. விடிகாலை 4 மணிக்கு டிஸ்க் நிரம்பி போஸ்ட்கிரெஸ் (சொந்த சர்வரில் ஓடும் தரவுத்தளம்) எழுத மறுத்தால் எழுந்து பார்க்க இரண்டாவது ஆள் உங்களுக்கு உண்டா? சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாவதையும், பாதுகாப்புத் திருத்தங்களையும், காப்புப்படி ஓடியதா என்பதையும் யார் கவனிப்பார்? தனி ஆளாக 4 இறங்குதளத்தைத் தூக்குகிறவர் இன்றைக்கு அந்தச் சுமையையும் ஏற்றிக்கொள்ள வேண்டாம். இப்போதைக்கு ஃபயர்பேஸிலேயே இருங்கள். ஆனால் எந்த மாதமும் கிளம்பக்கூடிய நிலையில் இருங்கள். அதற்குச் சில வேலைகள் உண்டு. ஒப்பந்தத்துக்கு முன்பே தொடங்க வேண்டியவை.

முதல் வேலை இன்றைக்கே செய்யக்கூடியது. கணக்கின் பிரதி தினமும் உங்கள் கைக்கு வர வேண்டும். கன்சோல் தரும் ‘எக்ஸ்போர்ட்’ மட்டும் போதாது. அதற்குக் கட்டணத் திட்டம் வேண்டும். ஏற்றுமதியாகும் ஒவ்வொரு ஆவணமும் ஒரு வாசிப்பாகக் கணக்கில் ஏறும். கிடைக்கும் கோப்பும் லெவல்டிபி என்ற தரவுத்தள வடிவில் இருக்கும். அதைத் திரும்ப ஃபயர்ஸ்டோரிலோ கூகுளின் தரவு அலசல் சேவையான பிக்குவெரியிலோ ஏற்றலாமே தவிர, சங்கக் கணக்கர் திறந்து பார்க்க முடியாது. அட்மின் எஸ்டிகே (நிர்வாகி உரிமையோடு தரவை எடுக்க ஃபயர்பேஸ் தரும் நிரல் தொகுப்பு) வைத்து நீங்களே ஒரு சிறு நிரல் எழுதுங்கள். தினமும் மதியம், தினசரி வரம்பு புதிதான பிறகு, ‘கடைசியாக மாறிய நேரம்’ நேற்றைய ஓட்டத்துக்குப் பின்னால் உள்ள ஆவணங்களை மட்டும் எடுத்து எஸ்கியூலைட் கோப்பில் (ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம்) எழுதட்டும். மாதத்துக்கு ஒரு சிஎஸ்வி (எக்செலில் திறக்கக்கூடிய பட்டியல்) வரட்டும்.

இதில் வழக்கமாகச் சறுக்கும் இடம் இரண்டு. அழித்த லாட் இந்த முறையில் கண்ணுக்கே தெரியாது. பிரதியில் அது உயிரோடு இருக்கும், மொத்தம் இடிக்கும். அதனால் எதையும் அழிக்காதீர்கள், ‘ரத்து’ என்று ஒரு குறி போடுங்கள். அடுத்தது, அவசரத்துக்குக் கன்சோலில் கையால் விலையைத் திருத்தினால் ‘மாறிய நேரம்’ மாறாது. பிரதிக்கு அந்தத் திருத்தம் வந்து சேராது. கன்சோலில் கை வைப்பதை நிறுத்திவிட்டு, திருத்தத்துக்கென்று செயலியில் ஒரு திரை வையுங்கள். வாரம் ஒரு நாள் ஏதாவது ஒரு படகை எடுத்து, பிரதியிலிருந்து வாரக் கூட்டலைப் போட்டு, சம்மாட்டி கையில் இருக்கும் சிட்டையோடு ஒப்பிடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்காத பிரதியை நம்பாதீர்கள். அட்மின் எஸ்டிகே கேட்கும் சர்வீஸ் அக்கவுண்ட் சாவிக் கோப்பு பாதுகாப்பு விதிகள் எல்லாவற்றையும் தாண்டிப் போகக்கூடியது. நிரலைச் சேமித்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் தவறியும் ஏற்றிவிடாதீர்கள்.

அடுத்தது நிரலுக்குள் ஒரு சுவர். உங்கள் திட்டக் கோப்புறையில் ‘ஃபயர்பேஸ்’ என்று தேடுங்கள். எத்தனை கோப்புகளில் இம்போர்ட் வரி இருக்கிறதோ, அத்தனை இடத்தில் நீங்கள் கட்டுண்டு கிடக்கிறீர்கள். திரைக் கோப்புகளில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. லாட் சேர், விலை போடு, சிட்டை முடி, முன்பணம் வரவு வை, இன்றைய லாட் கொடு என்று உங்கள் தொழிலின் பெயரில் பத்துப் பன்னிரண்டு செயல்கள் கொண்ட ஓர் இடைமுகம். அதற்குப் பின்னால் ஒரே கோப்புறையில் ஃபயர்பேஸ். மாறுகிற நாளில் அந்த ஒரு கோப்புறையை மட்டும் எழுதினால் போதும். இதைவிட முக்கியம், சுவரைத் தாண்டி என்ன வருகிறது என்பது. ஃபயர்ஸ்டோரின் டைம்ஸ்டாம்ப், ரெஃபரன்ஸ் போன்ற அதன் சொந்த வகைகள் உங்கள் மாடல்களுக்குள் புகக் கூடாது. நேரம் சாதாரண எண்ணாக, எடை கிராமில் முழு எண்ணாக, பணம் பைசாவில் முழு எண்ணாக, அடையாள எண் நீங்களே உருவாக்கியதாக இருக்கட்டும்.

சேவையின் குணம் கணக்குக்குள் கசியும் இரண்டு இடங்களைக் கிட்டத்தில் பாருங்கள். படகுத்துறையில் சிக்னல் இல்லாதபோது 4:40-க்குப் போட்ட எடை, 6:15-க்குச் சிக்னல் வந்ததும்தான் மேலே போகும். சர்வர் நேரத்தை மட்டும் பதிந்தால் சிட்டையில் 6:15 என்று இருக்கும். எந்த லாட் முதலில் விழுந்தது என்று சண்டை வந்தால் உங்கள் பதிவு பொய் சொல்லும். போன் நேரம், சர்வர் நேரம் இரண்டையும் தனித்தனியாகப் பதியுங்கள். மற்றது சிட்டை எண். கடைசி எண்ணைப் படித்து ஒன்று கூட்டும் டிரான்சாக்ஷன் (படிப்பதையும் எழுதுவதையும் ஒரே மூச்சில் செய்வது) சிக்னல் இல்லாமல் வேலை செய்யாது. ஒவ்வொரு எடைக்காரருக்கும் எண்ணுக்கு முன்னால் வரும் ஒரு முன்னொட்டு கொடுங்கள்: ம-07-0143 என்றால் மண்டபம், ஏழாவது போன், 143-ஆவது சிட்டை. காகிதச் சிட்டைப் புத்தகத்துக்கும் இதே வரிசையில் ஒரு முன்னொட்டு ஒதுக்கினால், செயலி நின்ற நாளில் கையால் எழுதியதை மாலையில் மோதல் இல்லாமல் ஏற்றலாம்.

லாகினில்தான் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பயனர் பட்டியலை ஃபயர்பேஸின் கட்டளைவரிக் கருவி வழியாக இறக்கலாம். கடவுச்சொற்கள் எஸ்கிரிப்ட் (scrypt) என்ற முறையின் மாற்று வடிவில், திரும்பப் படிக்க முடியாத ஹாஷாகக் குழைத்துத்தான் வரும். அவை வேறிடத்தில் செல்லுபடியாக வேண்டுமானால் உங்கள் திட்டத்துக்கே உரிய ஹாஷ் அளவுருக்கள் வேண்டும்: கையொப்பச் சாவி, உப்புப் பிரிப்பான் (salt separator), சுற்று எண்ணிக்கை, நினைவகச் செலவு. கன்சோலில் ஆதென்டிகேஷன் பயனர் பக்கத்தில் இருக்கும். இன்றே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கணக்கு முடங்கிய பிறகு அந்தப் பக்கம் திறக்காது. அது இல்லாமல் ஹாஷ் குப்பை. உங்கள் அட்டவணைகளில் பயனருக்கு உங்கள் சொந்த எண் சாவியாக இருக்கட்டும். ஃபயர்பேஸ் தரும் பயனர் அடையாளமான யூஐடி ஒரு கூடுதல் நெடுவரிசை மட்டும்.

ஓடிபி சேர்க்கும்போது ஒன்று கவனம். ஃபயர்பேஸ் வழி அனுப்பக் கட்டணத் திட்டம் வேண்டும், எஸ்எம்எஸ்ஸுக்குத் தனிக் காசு. எஸ்எம்எஸ் எந்த நாடுகளுக்குப் போகலாம் என்ற அமைப்பில் இந்தியாவை மட்டும் அனுமதியுங்கள். இல்லாவிட்டால் யாரோ வெளிநாட்டு எண்களுக்குக் கோரிக்கை அடித்து உங்கள் பில்லை ஏற்றிவிடுவார்கள். அங்கிருந்து கிளம்பினால் நீங்களே அனுப்ப வேண்டியிருக்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் விதிப்படி டிஎல்டி என்ற எஸ்எம்எஸ் பதிவுத் தளத்தில் நிறுவனம், ஹெட்டர் (அனுப்புநர் பெயர்), செய்தி வார்ப்பு மூன்றையும் பதியாமல் இந்திய எண்ணுக்கு ஓடிபி போகாது. அந்தப் பதிவைச் சங்கத்தின் பெயரில் இப்போதே முடித்து வையுங்கள். நெருக்கடி வந்த வாரத்தில் தொடங்கினால் காகித வேலையிலேயே நாட்கள் போய்விடும்.

யார் எதைப் படிக்கலாம், எழுதலாம் என்று சொல்லும் பாதுகாப்பு விதிகள் கோப்பையும் திறந்து பாருங்கள். சோதனை முறையில் தொடங்கிய திட்டமென்றால் 30 நாளுக்கு யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்று இருந்திருக்கும். நாள் முடிந்ததும் பூட்டிக்கொள்ளும். அவசரத்தில் தேதியை மட்டும் தள்ளிப்போட்டிருந்தால், இந்தக் கரையின் முன்பணக் கணக்கு முழுவதும் ஊருக்கே திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். பெயர், போன் எண், கடன் பாக்கி எல்லாம் 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. சிட்டை முடிந்த பின் விலை மாற்றக் கூடாது, முன்பணத்தைச் சம்பந்தப்பட்ட இருவரைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது போன்ற விதிகளைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஃபயர்பேஸின் விதி மொழி வேறெங்கும் ஓடாது. போகிற இடத்தில் அந்தத் தாளைப் பார்த்துத்தான் மறுபடி எழுத முடியும்.

இன்னொரு சின்ன வேலை, பலன் பெரியது: சொந்த டொமைன் ஒன்று. செயலி திறந்ததும் அங்கிருந்து ஒரு சிறிய ஜேசன் கோப்பை (செயலி படிக்கும் எளிய உரைக்கோப்பு) படிக்கட்டும். குறைந்தபட்சம் எந்தப் பதிப்பு இருக்க வேண்டும், எந்தப் பின்தளத்தோடு பேச வேண்டும், இன்றைய அறிவிப்பு என்ன என்ற மூன்று வரி. படகுக்காரர்கள் செயலியை அப்டேட் செய்ய மாட்டார்கள்; மெமரி இருக்காது, டேட்டா இருக்காது. நீங்கள் பின்தளத்தை மாற்றிய பிறகும் பழைய பதிப்புகள் பழைய இடத்திலேயே எழுதிக்கொண்டிருக்கும், ஒரே ஏலம் இரண்டு கணக்காகப் பிரியும். அந்தக் கோப்பு இருந்தால் பழைய பதிப்பை எழுத விடாமல் நிறுத்தலாம்.

பணம், பொறுப்பு விஷயம். 4 தளத்துக்கு இலவசத் திட்டத்தில் ஒப்பந்தம் போடக் கூடாது. பயன்பாட்டுக்கு ஏற்ற காசு பிடிக்கும் பிளேஸ் என்ற கட்டணத் திட்டத்துக்குப் போங்கள். ஒரு லட்சம் வாசிப்பு சில சென்ட்தான், ஒழுங்காக ஓடினால் செலவு சிறியது. ஆனால் அதற்கு மேல்வரம்பு கிடையாது. ‘பட்ஜெட்’ என்று நீங்கள் போடுவது மின்னஞ்சல் அனுப்புமே தவிர எதையும் நிறுத்தாது. தன்னைத் தானே மறுபடி மறுபடி அழைக்கும் ஒரு பிழை ஓர் இரவில் மாதச் செலவை விழுங்கிவிடும். எதிர்பார்க்கும் தொகையில் பாதி, முழுசு, இரட்டிப்பு என மூன்று எச்சரிக்கை வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய்க்கு மேல் கார்டில் தானாகப் பிடிக்க ஒவ்வொரு தடவையும் ஓடிபி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பில் எகிறிய மாதத்தில் பணம் பிடிபடாமல் சேவையும் சேர்ந்து நிற்கலாம். திட்டம் உங்கள் சொந்த ஜிமெயிலில் மட்டும் இருந்தால், அந்த ஒரு கணக்கு முடங்கினால் 4 ஊர் ஏலம் முடங்கும். சங்கத்தின் பெயரில் ஒரு கணக்கை உருவாக்கி அதையும் உரிமையாளராகச் சேருங்கள்.

தரவுத்தளம் எந்த இடத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். மும்பை இல்லாமல் அமெரிக்கா என்று இருந்தால் அதை இடம் மாற்ற வழியில்லை. மும்பையில் புதிதாக ஒன்று உருவாக்கித்தான் நகர்த்த வேண்டும். பெரிய மாற்றங்களுக்கு உங்கள் கரையே நேரம் ஒதுக்கித் தந்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு ஏலம் இருக்காது, நாட்டுப்படகு மட்டும் போய்வரும். ஏப்ரல் கடைசிக்குள் போஸ்ட்கிரெஸில் அட்டவணைகளை அமைத்து, தினப்பிரதியை அதில் ஏற்றிப் பாருங்கள். ஃபயர்பேஸ் போலவே பின்தளம் தரும் சூப்பாபேஸ் போன்றது நல்ல தேர்வு. திறந்த மூலம், உள்ளே சாதாரண போஸ்ட்கிரெஸ் என்பதால் மொத்தத் தரவையும் கொட்டித் தரும் ஒரே டம்ப் கட்டளையில் எடுத்துக்கொண்டு வேறிடம் போகலாம். அதன் இலவசத் திட்டம் ஒரு வாரம் அசையாமல் இருந்தால் தூங்கிவிடும். தடைக்காலத்தில் அப்படி ஆகலாம், அதனால் அங்கேயும் கட்டணத் திட்டம்தான். போனிலேயே சேமித்துப் பிறகு அனுப்பும் வசதி ஃபயர்ஸ்டோரில் தானாக வருவது. இங்கே நீங்கள் எழுத வேண்டும். உண்மையான உழைப்பு அதில்தான், மூன்று நான்கு வாரம் அதற்கு மட்டும் ஒதுக்குங்கள். மே மாதம் நாட்டுப்படகு வரும் ஒரு சிறு தளத்தில் இரண்டு வாரம் ஓட்டி, தினக் கூட்டல் பைசா சுத்தமாக ஒத்துப்போனால் மட்டும் மற்றவற்றை மாற்றுங்கள். ஜூன் 10-க்குள் முடியவில்லையா, விட்டுவிடுங்கள். தடை முடிந்து முதல் படகுகள் கரைக்கு வரும் நாளில் புதுப் பின்தளம் கூடவே கூடாது. சுவரும் பிரதியும் இருந்தால் அடுத்த ஆண்டு வரை ஃபயர்பேஸில் நிம்மதியாக இருக்கலாம்.

சங்கத்தாரிடம் பேசப் போகும்போது இவற்றை எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் கொடுங்கள். கணக்கு சங்கத்துக்கும் அதன் உறுப்பினருக்கும் சொந்தம். ஒவ்வொரு மாதம் 5-ஆம் தேதிக்குள் சிஎஸ்வி பிரதி அவர்கள் கைக்கு வரும். கிளவுட் பில் சங்கத்தின் கார்டில், நேரடியாக. வெளிச் சேவை எதுவும் நின்றாலோ விலை கூடினாலோ மாற்றுவதற்கு 90 நாள் அவகாசம், அந்த வேலைக்குத் தனிக் கூலி. ஒருநாளும் நிற்காது என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நின்றால் எந்தச் சிட்டைப் புத்தகத்தில் எழுதுவது, யார் மாலையில் ஏற்றுவது என்பதைச் சொல்லுங்கள். எடைக்காரர் ஒவ்வொருவர் பையிலும் முன்னொட்டு அச்சடித்த அந்தப் புத்தகம் ஒன்று இருக்கட்டும்.